சம்மட்டி எடுக்கும் முன்: பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்குச் சில குறிப்புகள்

எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகள் நம் ஊர்களில் இப்போது வரிசையாகப் புதுப்பிக்கப்படுகின்றன. பெற்றோருக்கு இடத்தை விட மனசில்லை, பிள்ளைகளுக்குப் புது மனை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வேலை முடிந்த பிறகு பார்த்தால் பாதி வீடுகள் ஒரே அச்சு: முன்பக்கம் சாம்பல் நிற கிளாடிங், உள்ளே ஜிப்சம் சீலிங், அதன் ஓரத்தில் நீல விளக்கு. லட்சக்கணக்கில் செலவழித்தும், மத்தியானம் ஹாலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடியாது. வடிவமைப்பு எடுபட வேண்டுமானால் பணம் முதலில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் போக வேண்டும். அலங்காரத்துக்கு மிச்சம் இருப்பது போதும்.

1. வேலை தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்க வீட்டைக் கவனியுங்கள். வெயில் எந்த நேரத்தில் எந்த அறையில் விழுகிறது, காற்று எந்த ஜன்னல் வழியாக வருகிறது, பட்டப்பகலில் எந்த அறைக்குள் நுழைந்ததும் கை சுவிட்சைத் தேடுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஆர்க்கிடெக்ட் வந்ததும் முதலில் இந்தத் தாளைக் கொடுங்கள். போனில் சேர்த்து வைத்த படங்களை அப்புறம் காட்டலாம்.

2. கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தாலோ, பழுப்புக் கோடுகள் தெரிந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். துருவேறிய கம்பி உப்பும். உப்பினால் பூச்சைத் தள்ளும். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். பழுதைச் சரிசெய்யாமல் சீலிங் வேலைக்குப் போகாதீர்கள்.

3. "சார், இந்தச் சுவரைத் தட்டிட்டா ஹால் பெருசாயிடும்." எல்லா மேஸ்திரியும் முதல் நாளே சொல்லும் வசனம் இது. பெரிசாகும் என்பது உண்மைதான். ஆனால் பழைய வீடுகளில் பெரும்பாலும் தூண், பீம் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பு என்பதும் எப்போதும் சரியல்ல. அதன் மேலும் லாஃப்ட்டோ தளத்தின் ஓரமோ உட்கார்ந்திருக்கக்கூடும். முதலில் மாடிக்கு ஏறி, அந்தச் சுவருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இன்னொரு சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் ஒரு செங்கலையும் எடுக்கக் கூடாது. முறையான வழி இதுதான்: இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டுக் கொடுத்து, பாரத்தை வாங்க இரும்பு உத்தரமோ கான்கிரீட் பீமோ போட்டு, அது இரு முனையிலும் சரியாக அமர்ந்து பலம் பிடித்த பிறகுதான் சுவரை இறக்க வேண்டும். அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் தூணையும் பீமையும் தொடவே கூடாது. குழாய் பதிக்க அவற்றைக் கொத்துவதும் இதில் சேர்த்திதான்.

முழுச் சுவரையும் எடுக்க முடியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். நடுவில் ஒரு அகலத் திறப்பு விட்டு, இரு ஓரமும் இரண்டடிச் சுவரை நிறுத்துங்கள். அதற்கும் மேலே பீம் வேண்டும். நீளம் குறைவதால் செலவும் குறையும். பார்வைக்கும் மொட்டை ஹாலைவிட இது அழகு. திறப்புக்கு அப்பால் இன்னொரு அறை தெரியும்போதுதான் வீடு ஆழமாகத் தோன்றுகிறது.

4. காற்று வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைப்பது நல்லது. பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே இருந்த வென்டிலேட்டரை ஏசிக்காக எல்லோரும் அடைத்துவிட்டார்கள். ஏசி இல்லாத அறைகளிலாவது அதைத் திறந்துவிடுங்கள். சூடான காற்று மேலேதான் நிற்கும், அது போகும் வழி அதுதான்.

5. மேற்குச் சுவர் சாயங்காலம் வரை வெயில் குடித்து, ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் கக்கும். அங்கே அலமாரி, குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றைத் தள்ளுங்கள். புதிதாகச் சுவர் எழுப்புவதானால் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் 'ராட் ட்ராப் பாண்ட்' முறையைக் கேளுங்கள். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். நடுவில் உள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் இந்த முறையைக் கேரளம் முழுக்கப் பரப்பினார். செங்கல்லுக்கு நடுவே ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரும் அவர் கைவரிசைதான். வெயிலை உடைத்துப் புள்ளி புள்ளியாக உள்ளே விடும், காற்றைத் தடுக்காது, கிரில் செலவும் இல்லை. பால்கனிக்கும் படிக்கட்டுச் சுவருக்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

6. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த சுருக்கித் தளமும் அதன் மேல் தட்டோடும் இருந்தால் பெயர்க்காதீர்கள். விரிசலை அடைத்து, ஓடுகளின் இடுக்கைப் பூசி, மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும். மேல்மாடி அறையில் வித்தியாசம் முதல் கோடையிலேயே தெரியும்.

7. முற்றம் உள்ள வீடு கிடைத்திருந்தால் அதுதான் உங்கள் சொத்து. மழை, திருட்டு, கொசு என்று மூன்று காரணம் சொல்லி அதன் மேல் தளம் போட்டு மூடியவர்கள் பலர். மூடியதும் சுற்றியுள்ள நான்கு அறையும் இருண்டுவிடும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் இரும்புக் கிரில்லும் கொசு வலையும் போட்டு, அதற்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ அமைத்து, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். சாரலுக்கு ஓரத்தை நீட்டிக்கொள்ளலாம். பக்கத்தை அடைத்தால் முற்றம் கோடையில் அடுப்பாகிவிடும்.

முற்றமே இல்லாத வீட்டில் புதிதாக ஒன்றைக் கொண்டுவர முடியுமா? கொழும்பில் பாகத்தலை வீதிக்கு அருகே 33ஆவது ஒழுங்கையில் இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா தமக்கென்று செய்துகொண்ட வீட்டைப் பாருங்கள். 1958இல் அங்கே வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியேறினார். அடுத்த பத்தாண்டில் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. தெருவோரத்தில் இருந்ததை இடித்து உயரமாகக் கட்டினார். மற்றவற்றை ஒன்றோடொன்று இணைத்து, நடுநடுவே கூரையைத் திறந்து, சின்னச் சின்ன முற்றங்களையும் நீர்த்தொட்டிகளையும் வைத்தார். நீண்ட நடையில் நடந்தால் வெளிச்சம், நிழல், மறுபடி வெளிச்சம் என்று மாறிக்கொண்டே வரும். நெருக்கமான நகரத்து மனைதான், ஆனால் அந்த உணர்வே வராது. இன்று அதை அனுமதி பெற்றுப் பார்க்கலாம். நம்முடைய வீட்டில் நாலுக்கு நாலடி இடம் கிடைத்தாலும் வானத்துக்குத் திறந்து, கீழே கூழாங்கல் கொட்டி ஒரு செடி வைக்கலாம். கீழே வடிகால் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

8. புது ஜன்னல் போடும்போது அதன் மேல்மட்டமும் பழைய கதவுகளின் மேல்மட்டமும் ஒரே கோட்டில் வரவேண்டும். நம் பக்கத்தில் லிண்டல் பொதுவாக ஏழடி. ஒன்று ஆறரை, ஒன்று ஏழரை என்று போனால் எவ்வளவு விலையுயர்ந்த ஜன்னலாக இருந்தாலும் ஒட்டுப்போட்ட மாதிரிதான் தெரியும். செலவே இல்லாமல் வீட்டுக்கு ஒழுங்கு தரும் குறிப்பு இது.

9. பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் படிக்கட்டை நினைவில் வையுங்கள். கீழ்த்தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தால் முதல் படி அந்த அளவு குட்டையாகிவிடும். மற்ற படிகள் ஆறரை அங்குலம், இது மட்டும் ஐந்து என்றால் வயதானவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். குளியலறைத் தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்தே இருக்கிறதா, கதவு இடிக்காமல் திறக்கிறதா என்பதையும் டைல்ஸ் வாங்கும் முன் பாருங்கள்.

10. மொசைக் தரையைப் பெயர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் கல் புதுசாக எழுந்து வரும். காவி நிற ஆக்சைடு தரையும் அப்படியே. அதைப் புதிதாக வழித்துப் போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். பெயர்த்தால் திரும்பக் கிடைக்காதது முதலில் காப்பாற்றப்பட வேண்டும்.

11. தரைக்குப் புதிதாக ஏதாவது போடுவதானால் ஆத்தங்குடிக் கல். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் மணலும் சிமென்டும் இட்டு மட்டம் செய்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியிலிருந்து பிரியும்போது வரும் வழவழப்புத்தான் அதன் பளபளப்பு. நடக்க நடக்க மெருகு கூடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். ஆசிட் மட்டும் படவே கூடாது. வீடு முழுக்கப் போட வேண்டாம். கூடத்தில் மட்டும் போட்டு, ஓரத்தில் ஒற்றை நிற பார்டர் கொடுங்கள்.

12. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான் பொருந்தும். அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் தன்மை உள்ளது. மேலே சிமென்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, ஓதமாகவும் உப்பாகவும் வேறு இடத்தில் தலைகாட்டும். நாலு தடவை பட்டி பார்த்தும் ஓதம் நிற்காத சுவர்களில் பலவற்றின் கதை இதுதான்.

13. பழைய நிலை, கதவு, ஜன்னல்களில் பர்மா தேக்கு இருக்கக்கூடும். பெயின்டைச் சுரண்டி ஓரிடத்தில் மரத்தின் ரேகையைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். 'யுபிவிசி போட்டுக்கலாம், இதை நான் எடுத்துக்கறேன்' என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னாலே அதற்கு விலை இருக்கிறது என்று அர்த்தம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய தூணும் கதவும் வாங்கப் போகிறவர்கள் அளவு டேப்போடு போங்கள். செட்டிநாட்டு உள்கதவுகள் பல குட்டையானவை. உங்கள் வீட்டில் குனிந்து போக வேண்டியிருக்கும்.

14. பத்தடி உயர ஹாலில் ஒரு அடி ஃபால்ஸ் சீலிங் இறக்கினால் மின்விசிறி தலைக்கு நெருங்கிவிடும். வேண்டுமென்றால் ஓரத்தில் மட்டும்.

15. எல்.இ.டி. பல்பு பெட்டியில் 'கே' என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் சாயல். 6500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கும் படிக்கிற மேஜைக்கும் 4000 வைத்துப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

16. சமையல் மேடையின் உயரத்தை இன்ஜினீயர் முடிவு செய்ய வேண்டாம். சமைப்பவர் முழங்கையை மடித்து நிற்கட்டும். முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே மேடை. கிரைண்டருக்கு அதைவிடத் தாழ்வாகத் தனி இடம்.

17. வாஸ்து பார்ப்பவர்கள் வரைபடக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். பூச்சு முடிந்த பிறகு அடுப்பை நகர்த்தச் சொன்னால் மேஸ்திரிக்கு மட்டும்தான் லாபம். மேலே மாடி எடுப்பதானால் அஸ்திவாரம் தாங்குமா என்று சோதித்து, உள்ளாட்சி அனுமதியும் வாங்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகள்தான் இப்போது அடிப்படை. மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003 முதலே கட்டாயம். தூர்ந்திருந்தால் இந்த வேலையோடு தூர் வாரிவிடுங்கள்.

18. எலிவேஷன். கல், மரப் பலகை, கண்ணாடி, ஸ்டீல், மூன்று நிறப் பெயின்ட் என எல்லாமும் சேர்ந்தால் எதுவும் கண்ணில் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய தூண்கள் உள்ள வராந்தாவோ, ஜாலிச் சுவரோ, திண்ணையோ, ஒரு நல்ல வாசற்கதவோ. மற்றதெல்லாம் வெள்ளையாக அடங்கி இருக்கட்டும். இரண்டடி நீட்டிய சன்ஷேடு போடும் நிழல், எந்த கிளாடிங்கையும்விட நன்றாக இருக்கும். செங்கல் தெரியும்படி பூச்சை உரிக்க ஆசைப்படுவோர் முதலில் ஒரு சதுர அடி மட்டும் உரித்துப் பாருங்கள். பூச்சுக்குள் மறையும் என்று நம்பிக் கோணல்மாணலாகக் கட்டிய சுவர்கள் ஏராளம்.

19. வெளிவேலையையும் பெயின்ட்டையும் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் காயாது. மாடிக் கசிவை மட்டும் மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

20. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், பதித்த வயரும் குழாயும் தெரியும்படி, பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். ஆணி அடிக்கும் அன்று தேவைப்படும். ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். அதே கம்பெனி, அதே நம்பர் என்று தேடிப் பிடித்தாலும் அடுத்த லாட்டில் நிறம் கொஞ்சம் மாறித்தான் வரும்.