ஒரு மண், இரு காலம்: கியூபப் புலம்பெயர்வு நாவல் ஒன்று – ஓர் ஆய்வு

முன்னுரை

பிறந்த மண்ணைப் பிரிந்தோரின் துயரம் உலக இலக்கியங்கள் அனைத்திலும் ஒலிக்கும் குரலாகும். பொருள் தேடிப் பிரிந்தோர் மீளும் நாளை எண்ணி வாழ்வர். அந்நாள் பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கும். அரசியலால் பிரிந்தோர்க்கோ மீளும் நாள் பிறர் கையில் உள்ளது. 1959-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு வெளியேறி, அமெரிக்காவின் மியாமி நகரில் குடியேறியோர் இவ்விரண்டாம் வகையினர் ஆவர். அவர்தம் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 2018-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல் ஷனேல் கிளீட்டன் எழுதிய 'நெக்ஸ்ட் இயர் இன் ஹவானா' என்பதாகும். 'அடுத்த ஆண்டு ஹவானாவில்' என்பது இத்தலைப்பின் பொருள். கியூபாவிலிருந்து வெளியேறிய குடும்பத்தில் தோன்றியவர் இவ்வாசிரியை.

இந்நாவல் இரு காலங்களை மாறி மாறிக் கூறுகின்றது. அவ்வுத்தி கதைச் சுவைக்காக மட்டும் அமைந்ததன்று. புலம்பெயர்ந்தோரின் நினைவை உரசிப் பார்க்கும் உரைகல்லாக அமைந்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

1952 மார்ச் 10-ஆம் நாள் படைவலிமையால் ஆட்சியைக் கைப்பற்றினார் பாடிஸ்டா. அவரை எதிர்த்து 1953 ஜூலை 26-இல் பிடல் காஸ்ட்ரோ தலைமையில் நிகழ்ந்த மொன்காடாப் படைமுகாம்த் தாக்குதல் தோல்வியுற்றது. 1956 டிசம்பரில் 'கிரான்மா' என்னும் படகில் வந்திறங்கியோர் மலைப்பகுதியில் நிலைகொண்டு போரிட்டனர். 1958-இன் இறுதி நாள்களில் சாந்தா கிளாரா நகரில் நிகழ்ந்த போர் முடிவை உறுதி செய்தது. 1959 ஜனவரி முதல் நாள் பாடிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். எட்டாம் நாள் காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் நுழைந்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டமும், 1960-இல் பெருந்தொழில்கள் நாட்டுடைமையானதும் கரும்புத் தோட்ட முதலாளிகளின் வாழ்வைத் தலைகீழாக்கின. செல்வர் முதலில் வெளியேறினர். பின்னர் நடுத்தரக் குடும்பத்தாரும் ஏழை எளியோரும் வெளியேறினர். 1960 முதல் 1962 வரை 14,000-க்கும் மேற்பட்ட சிறார், பெற்றோர் உடன் வாராமல் தனியே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். 1980-இல் மரியேல் துறைமுகம் வழியாக மட்டும் ஏறத்தாழ 1,25,000 பேர் சென்றனர். விரைவில் திரும்பிவிடுவோம் என்றே முதலில் சென்றோர் பலர் எண்ணினர். 'அடுத்த ஆண்டு ஹவானாவில்' என்று விருந்துகளில் ஒருவருக்கொருவர் கூறிக்கொண்ட வாழ்த்து அந்த நம்பிக்கையின் வெளிப்பாடு. ஆண்டுகள் பல கழிந்தபின் அதே வாழ்த்து ஏக்கமாக மாறியது.

கதைப்பின்னல்

முதற்காலம் 1958–59. கரும்பாலை முதலாளியின் மகளான எலிசா பெரெஸ் பத்தொன்பது வயதினள். ஹவானாவின் மிராமார் பகுதியில் உயர்ந்த மதில்களுக்குள் வளர்ந்தவள். புரட்சி இயக்கத்தைச் சேர்ந்த வழக்குரைஞன் பாப்லோவை அவள் மறைவாகக் காதலிக்கின்றாள். அவள் தமையன் அலெஹாந்திரோவும் பாடிஸ்டாவை எதிர்த்தவனே. எனினும் புரட்சி வென்றபின் அவன் கொல்லப்படுகின்றான். பாப்லோ போரில் மாண்டான் என்னும் செய்தியோடும், வயிற்றில் வளரும் கருவோடும் எலிசா குடும்பத்தாருடன் நாட்டை விட்டு நீங்குகின்றாள்.

இரண்டாம் காலம் 2017. எலிசாவால் வளர்க்கப்பட்ட பேர்த்தி மரிசோல், மறைந்த பாட்டியின் சாம்பலைப் பிறந்த மண்ணில் தூவ ஹவானா செல்கின்றாள். பாட்டியின் இளமைத் தோழி அனாவின் வீட்டில் தங்குகின்றாள். எலிசா மண்ணில் புதைத்துச் சென்ற பெட்டி அவள் கைக்கு வருகின்றது. அதிலுள்ள கடிதங்கள் வழியே பாட்டியின் காதலை அறிகின்றாள். பாப்லோ மாண்டிலன் என்பதும், அவரே தன் தந்தையைப் பெற்றவர் என்பதும் பின்னர்த் தெரிகின்றன. அனாவின் பேரன் லூயிஸ் வரலாற்றுப் பேராசிரியர். அரசைக் குறைகூறி மறைவாக எழுதுபவர். அவர்பால் மரிசோல் கொள்ளும் காதலும், அவருக்கு நேரும் இடரும் கதையை முடிவுக்குக் கொண்டுசெல்கின்றன.

இரு காலமும் நினைவின் சோதனையும்

இருவரும் தத்தம் கதையைத் தாமே கூறுகின்றனர். இவ்வமைப்பினால் வாசகர் எலிசா கண்ட ஹவானாவையும் மரிசோல் காணும் ஹவானாவையும் அடுத்தடுத்துக் காண்கின்றனர். மரிசோல் மியாமியில் கேட்டு வளர்ந்த கியூபா 1959-இல் நின்றுபோன கடிகாரம் போன்றது. அங்கே மாளிகைகள் புதியன; கடற்கரைச் சாலை அழகியது. அவள் நேரிற் காணும் நகரிலோ சுவர்கள் சிதைந்துள்ளன. வீட்டையே உணவகமாக்கி ஒரு குடும்பம் பிழைக்கின்றது. மனத்திற்பட்டதை உரக்கப் பேச மக்கள் அஞ்சுகின்றனர்.

இங்கு எழும் வினாவே நாவலின் உயிர்நாடி. ஒரு நாட்டைப் பற்றிப் பேசும் உரிமை அதை விட்டு நீங்கினோர்க்கா, அங்கேயே இருந்து துன்புற்றோர்க்கா? சென்றவர்கள் மண்ணை இழந்தனர். மொழியையும் உணவையும் நினைவையும் காத்தனர். இருந்தவர்கள் மண்ணைக் காத்தனர். அதன்பொருட்டு வேறு பலவற்றை இழந்தனர். இரு திறத்தார் இழப்பையும் ஒரு தட்டில் இட்டு நிறுக்க இயலாது என்பதை மரிசோல் சிறிது சிறிதாக உணர்கின்றாள். ஒரு காலத்தை மட்டும் கூறியிருப்பின் இவ்வுணர்வு வாசகர்க்கு வாய்த்திராது.

மறைபொருளும் காதலும்

எலிசாவின் காதலை அகம் என்றும், புரட்சியைப் புறம் என்றும் கொள்வோமாயின், இந்நாவலில் புறம் அகத்தை உடைக்கின்றது எனலாம். அவளது களவு கற்பாக மலரவில்லை. போர்ச் செய்தி ஒன்று அதனை இடையில் அறுத்துவிட்டது. புதுநாட்டில் வேறொருவரை மணந்து, மகனைப் பெற்று, வாய் திறவாமல் வாழ்ந்து முடித்தாள். அம்மௌனம் வஞ்சகம் ஆகாது. அனைத்தையும் இழந்து வந்த குடும்பத்தைச் சிதையாமல் காத்த வேலி அது. ஆயின் வேலி மறைக்கவும் செய்யும். அவள் மகன் தன் தந்தை யாரென அறியாமலே வாழ்ந்தான். நாட்டின் வரலாற்றை அரசு தனக்கேற்பக் கூறுவது போலவே, குடும்பமும் தன் வரலாற்றைத் தனக்கேற்பக் கூறிக்கொள்கின்றது என்னும் ஒப்புமை இங்குக் கருதத்தக்கது.

பாப்லோவின் படைப்பு தனியே குறிப்பிடத்தக்கது. அவர் கொடியவர் அல்லர்; நீதியை நம்பிப் போரிட்டவர். அந்நம்பிக்கையிலிருந்து பிறந்த அரசே பின்னர்த் தன் பேர்த்தி விரும்பும் இளைஞனைத் துன்புறுத்துவதை அவர் காண நேர்கின்றது.

நாவலின் குறைகள்

இந்நாவலில் குறைகளும் இல்லாமல் இல்லை. கதை பெரும்பாலும் மாளிகையின் சன்னல் வழியாகவே நாட்டைக் காண்கின்றது. கரும்பு வெட்டிய தொழிலாளரும், அம்மாளிகைகளில் ஊழியம் செய்தோரும் தம் குரலில் பேசவில்லை. புரட்சியை அவர்கள் ஏன் வரவேற்றனர் என்பது பாப்லோவின் சொற்களால் மட்டுமே தெரிகின்றது. மேலும், பாட்டிக்கும் பேர்த்திக்கும் ஒரே வகையான காதல் வாய்ப்பது தற்செயலை மிகையாக நம்பியது எனத் தோன்றும். ஆயினும் நாட்டில் இருந்தோர் தரப்பை லூயிஸ், அனா ஆகியோர் வழியே தயக்கமின்றிப் பேசவிட்டமை ஆசிரியையின் நடுவுநிலைக்குச் சான்றாகும்.

முடிவுரை

எலிசா உயிரோடு ஹவானா மீளவில்லை, சாம்பலாகவே மீண்டாள். தலைப்பிலுள்ள 'அடுத்த ஆண்டு' அவளுக்கு அவ்வாறே வந்தது. கதையின் இறுதியில் லூயிஸ் தாய்மண்ணை விட்டு வெளியேறுகின்றார். ஒரு பிரிவு நிறைவுறும் இடத்திலேயே மற்றொரு பிரிவு தொடங்குகின்றது. புலம்பெயர்வு ஒரு தலைமுறையோடு முடிவதன்று என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

இலக்கியம் பயிலும் மாணவர் இந்நாவலிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. வரலாற்று நூல்கள் ஆட்சிகள் மாறிய நாள்களைக் கூறும். அந்நாள்களில் எந்த வீட்டில் எந்தக் கடிதம் புதைக்கப்பட்டது என்பதைக் கூறா. அதனைத் தோண்டி எடுக்கும் பணி இலக்கியத்தினுடையது. முதியோர் உயிரோடு இருக்கும்போதே அவர்தம் கதைகளைக் கேட்டறியும் பணியோ நம்முடையது.