பெட்டியோடு வந்த பையன்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், புதிதாக வேலையில் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் கபடி என்றால் என்னிடம் அனுப்பிவைக்க ஊரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். ரெய்டர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம், கார்னர் ஆடுகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். நான் முதலில் சொல்வது வேறு விஷயம்: வெளியூர்ப் பையனைக் கொண்டுவந்து கோப்பை வாங்குவதைப் பற்றி. அந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

1. ஒரு பையனைக் கூட்டி வருவதற்கு முன்னால், நாளை அணி கலைந்தால் அவன் எங்கே போவான் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து எனக்கு நாலாவது வருஷம். தனியார் மேல்நிலைப் பள்ளி. மாவட்டம் வரை போவோம், அங்கே தோற்றுத் திரும்புவோம். ஒருநாள் செயலாளர் கூப்பிட்டார். "சார், இந்தத் தடவை மாநிலம் போகணும். செலவை நான் பாத்துக்கறேன்" என்றார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு திருவிழா ஆட்டத்தில் அந்தப் பையனை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினாலும், மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் செங்கல் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். வயது பத்தொன்பதை நெருங்கியிருக்கும். எங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில். நடுவில் ஒருவர் வந்தார். "சர்டிபிகேட்டை என்கிட்ட விடுங்க" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது தெரியாமல் இல்லை.

ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். அவ்வளவுதான் அவன் கொண்டுவந்தது. பள்ளியில் விடுதி கிடையாது. கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டையும் கிழிந்த வாலிபால் வலைகளும் கிடந்த ஸ்டோர் ரூமில் படுத்துக்கொண்டான். ஒன்பதாம் வகுப்பில் பெயர் இருந்தது. வகுப்பில் அவன் உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாவட்டப் போட்டி நாளன்று விடியற்காலையில் மீசையை மழித்துக்கொள்ளச் சொன்னேன். அந்த அறையில் கண்ணாடி இல்லை. ஜன்னலில் தெரிந்த நிழலைப் பார்த்துக்கொண்டே பழைய பிளேடால் இழுத்தான். மேலுதட்டில் கீறி ரத்தம் வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து நான்தான் அழுத்திப் பிடித்தேன். "வலிக்குதாடா?" என்றேன். "இல்ல சார்" என்றான். பஞ்சை எடுத்துவிட்டு, ரத்தம் நின்றுவிட்டதா, முகம் இப்போது சின்னதாகத் தெரிகிறதா என்று நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தேன். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் எதிரணி புரொட்டஸ்ட் கொடுத்தது. அவன் படித்த பழைய பள்ளியின் பதிவேட்டு நகல் அவர்கள் கையில் இருந்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் செயலாளர், "பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லி நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றார். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், வேலை தப்பியது. பள்ளியை அடுத்த வருஷப் போட்டிகளில் சேர்க்கவில்லை. அணியில் மீதி இருந்த 11 பேரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் ஆடியவர்கள். அவர்களில் மூன்று பேருக்கு அந்த வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வருஷம். ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் போனார்கள்.

அவன் மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றானாம். விசாரணை முடியவில்லை, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெட்டியோடு போய்விட்டான். அவனைப் பஸ் ஏற்றிவிட யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து என் விளக்கக் கடிதத்துக்கு நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

2. சான்றிதழை நீங்களே வாங்கிப் பாருங்கள். இடையில் யாரையும் விடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியோடு, பதிவு செய்த தேதியும் இருக்கும். அந்த இரண்டாவது தேதியை முதலில் பாருங்கள். பிறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. தாமதமாகப் பதிந்ததெல்லாம் பொய் இல்லை. வீட்டில் பிரசவம் பார்த்த தலைமுறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் தேர்வுப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் பதிவாகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முதலில் படித்த தொடக்கப் பள்ளிக்கு நேரில் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். கூடப் பிறந்தவர்களின் தேதியையும் கேளுங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஐந்து மாத இடைவெளி இருக்கிற காகிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அண்ணனின் வயதைக் குறைத்தவர்கள் தங்கையை மறந்துவிட்டார்கள்.

கிரிக்கெட்டில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள். அது மதிப்பீடுதான், பிறந்த நாளைச் சொல்லிவிடாது. எக்ஸ்ரே மாறாக வந்த உடனே பையனைத் திருடனைப் போல நிற்க வைக்காதீர்கள். 2020-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. வயதை மாற்றியவர்கள் தாங்களே முன்வந்து சொன்னால் தண்டனை இல்லை, சரியான வயதுப் பிரிவில் ஆடலாம். மறைத்து மாட்டினால் இரண்டு வருஷத் தடை என்று அறிவித்தார்கள். பையன் வாய் திறக்க ஒரு கதவு வேண்டும். பள்ளியில் அந்தக் கதவு நீங்கள்தான்.

3. ஜெயித்துக்கொண்டே இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கிறது. அங்கே போயிருந்தபோதுதான் பெல்வியூ உயர்நிலைப் பள்ளியின் கதையைக் கேட்டேன். அவர்கள் ஊர்க் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தில், அந்தப் பள்ளி 11 முறை மாநிலப் பட்டம் வாங்கியது. 151 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்த கலிஃபோர்னியாவின் டி லா சால் பள்ளியை 2004-ல் தோற்கடித்ததே இவர்கள்தான். பிற்பாடு இவர்களே தொடர்ந்து 67 ஆட்டம் ஜெயித்தார்கள். 2014-ல்தான் தோற்றார்கள்.

2015-ல் சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் தோண்ட ஆரம்பித்தது. மறு வருஷம், முன்பு அரசு வழக்கறிஞர்களாக இருந்த இருவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். வேறு பகுதிப் பையன்கள் பொய் முகவரி கொடுத்துச் சேர்ந்திருந்தார்கள். சிலர் படித்ததாகக் காட்டப்பட்டது ஒரு சின்னத் தனியார் பள்ளியில். அதற்குக் கட்டணம் போக ஏற்பாடு செய்ததில் பயிற்சியாளர்களுக்குப் பங்கு இருந்தது. அணிக்குப் பணம் திரட்டிய ஆதரவாளர் சங்கத்திலிருந்து தலைமைப் பயிற்சியாளருக்கும் தனியாகப் பணம் போயிருந்தது. அவர் பதவியை இழந்தார். பட்டத்துக்கான சுற்றுகளில் ஆட அணிக்கு நான்கு வருஷம் தடை. மேல்முறையீட்டில் அதை இரண்டாகக் குறைத்தார்கள்.

அந்த இரண்டு வருஷத் தடையை அனுபவித்தது யார் என்று பாருங்கள். 2016-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள். பொய் முகவரி எழுதிய காலத்தில் அவர்கள் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த மூன்று பேருக்கு நடந்ததுதான் அங்கேயும் நடந்தது.

4. செயலாளரோ தலைமையாசிரியரோ வாய்மொழியாகச் சொல்வதை வாய்மொழியாகவே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

"சரிங்க சார், ஒரு லெட்டர் கொடுத்துடுங்க, ஃபைல்ல வச்சுக்கறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதி யோசனைகள் அங்கேயே நின்றுவிடும்.

5. வீட்டில் அம்மாவிடம் பேசுங்கள். என்ன சொல்லிக் கூட்டி வருகிறீர்களோ அதை எழுதிக் கொடுங்கள்.

இந்த வியாபாரத்தில் விற்கப்படுவது நம்பிக்கைதான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் இருக்கிறது. ஏழை வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. "உங்க புள்ளைய போலீஸ் ஆக்கிடறோம்" என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அதே சமயம், பொய்ச் சான்றிதழில் போகிற ஒவ்வொரு இடமும் விடியற்காலையில் நிஜமாக ஓடிய இன்னொரு பிள்ளையின் இடம். அதையும் அந்தத் தாயிடமே சொல்லலாம். புரிந்துகொள்வாள்.

அமெரிக்காவிலும் இதே ஆசையைத்தான் விற்றார்கள். ஒஹாயோ மாநிலத்தில் பிஷப் சைகமோர் என்று ஒரு பள்ளி. 2021 ஆகஸ்டில் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் அதன் ஆட்டம் நேரலையாக ஓடியது. 58-0 என்று நொறுங்கினார்கள். இரண்டு நாள் முன்புதான் அதே பையன்கள் இன்னொரு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருந்தார்கள். உடம்பு முட்டி மோதுகிற அந்த ஆட்டத்தில் அப்படி யாரும் ஆடவிடமாட்டார்கள். பிறகுதான் பள்ளி எங்கே என்று தேடினார்கள். உருப்படியான கட்டடம் இல்லை, பாடம் நடந்ததற்கு அடையாளம் இல்லை. அந்த வருஷக் கடைசியில் மாநிலக் கல்வித் துறையே அதை மோசடி என்று எழுதியது. கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைக்கும் என்று நம்பி வந்த பையன்கள் ஓட்டல் அறைகளில் தங்கியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சுண்ணாம்பு மூட்டை கிடந்த எங்கள் ஸ்டோர் ரூம்தான் ஞாபகம் வந்தது.

6. கூட்டி வருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை.

சொந்த ஊரில் மைதானமும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் பிள்ளை வெளியே வரத்தான் வேண்டும். அதற்கு நேர்வழி இருக்கிறது. அரசு விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், கூடப் போய் நில்லுங்கள். உங்கள் பள்ளியிலேயே சேர்ப்பதானால் உண்மையான வயதோடு, உண்மையான வகுப்பில், ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, இரவில் எங்கே படுக்கிறான் என்று போய்ப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஒரு பெண் பிள்ளையை அப்படிச் சேர்த்தேன். உண்மையான வயதைக் காட்டியதால் 17-க்கு உட்பட்டோர் அணியில் ஆட முடியவில்லை, ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதினாள். பிளஸ் டூ முடித்தாள். இப்போது காவல் துறையில் இருக்கிறாள்.

7. வயது கூடியவனை இறக்கினால் அடிபடுவது எதிரணிச் சின்னப் பையன்.

பதினைந்து வயதுத் தோள்பட்டை மேல் பத்தொன்பது வயது உடம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எலும்பு முறிவு வார்டில் போய்ப் பாருங்கள்.

8. தப்பு வெளியே வந்துவிட்டால், முதல் நாளே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

செய்தி பேப்பரில் வருவதற்குள் அணிப் பிள்ளைகளை உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள். "தப்பு என்னோடது" என்ற வார்த்தையை அவர்கள் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் 11 பேரும் அந்த ஒருவனை அடிக்கப் போவார்கள். எங்கள் பள்ளியில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காலையில் அவன் மழித்த மீசையைப் பார்த்துச் சிரித்தவன் சாயங்காலம் அவன் முகத்தையே பார்க்கவில்லை. நானும் முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

2001-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு பையன், சிறுவர் பேஸ்பால் போட்டியில் ஒரு எதிராளியைக்கூட முதல் தளத்தை மிதிக்க விடாமல் பந்து வீசினான். 12 வயதுக்காரன் என்று சொல்லியிருந்தார்கள். விசாரித்தால் 14. அவன் பிறந்த நாட்டில் இரண்டு பிறப்புப் பதிவுகள், நியூயார்க்கில் பள்ளிக்கூடமே போகவில்லை. அணியின் வெற்றிகளை அழித்தார்கள். அப்பாவுக்கும் அணியை நடத்தியவருக்கும் வாழ்நாள் தடை போட்டார்கள். பையன் மேல் குற்றமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் உலகத்துக்கு ஞாபகம் இருப்பது அவன் பெயர்தான். ஊரறிந்த பெயர், நான் அதை இங்கே எழுதவில்லை. உங்கள் பள்ளியில் இப்படி நடந்தால், பையன் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய அசல் காகிதங்களை அலுவலகத்திலிருந்து வாங்கிக் கொடுங்கள். வீடு வரை கூடப் போய் விட்டுவிட்டு, அவன் அப்பா அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

9. உங்களிடம் ஆடுகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு முகவரியையும் உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அலுவலகப் பதிவேட்டை நம்பாதீர்கள்.

அந்தப் பையனைத் தேட எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதுவரை தைரியம் வரவில்லை. பதிவேட்டில் இருந்தது நடுவில் வந்தவர் எழுதிக்கொடுத்த முகவரி. அந்தத் தெருவே அந்த ஊரில் இல்லை. திருவிழா ஆட்டம் நடந்த ஊருக்குப் போய்ச் சூளை சூளையாக விசாரித்துக் கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் அம்மா இருந்தாள். திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான், எப்போதாவது வருவான் என்றாள். நான் யார் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "உக்காருங்க சார்" என்று உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பரணில் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. மூடியில் எங்கள் பள்ளியின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தான். யாரும் அழித்திருக்கவில்லை.