வேலைக்கு வராதவரை விசாரிப்பது எப்படி?



திருவந்திபுரம் பக்கத்திலிருந்து கடலூர் சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் வியாதிப்படுக்கையில் எங்களிடம் கேட்பது, "ஐயா, வேலை போயிடுமா?" என்பதே. அங்கே மேலாளரோ, "சாக்குச் சொல்கிறான்" என்று சந்தேகப்படுகிறார். ஷிப்டுக்கு ஆள் வேண்டுமே, அவர் பாடும் பாடுதான்.

இருவருக்கும் நடுவே நிற்க வேண்டியவர் தொழில்நல மருத்துவர். நோயின் பெயரை அவர் மேலாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. எப்போது திரும்பலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம், இரவு ஷிப்டு ஆகுமா, தூசியுள்ள இடம் ஆகுமா என்று சொன்னால் போதும். ஒரே பிரிவில் நாலுபேர் இருமலோடு விடுப்பு எடுத்தால், கோளாறு ஆளிடம் அல்ல, காற்றில் இருக்கலாம். இதற்காகவே, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 161-ஆம் உடன்படிக்கை (1985) விடுப்பு விவரத்தை மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் மெய்யா பொய்யா என்று துப்பறியும் வேலையை முதலாளி அவர்கள்மேல் சுமத்தக் கூடாது. சரிதானே, உளவாளியிடம் யார் தன் இருமலைச் சொல்வார்?

காசநோயைப் பாருங்கள். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து தொற்றுவது நின்றுவிடும். ஆனாலும் மருந்து வழக்கமாக 6 மாதம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதியுள்ளவருக்குச் சாதாரண நோய்க்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. காசநோய் போன்றவற்றுக்கு 2 ஆண்டுவரை 80 சதவீதம். இது தெரியாமல் பாதியில் மருந்தை விட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்காகவே வருந்துகிறோம்.

ஊழியத்தில் நோயுற்ற எப்பாப்பிரோதீத்துவைக் கனப்படுத்தும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். உங்களில் மேலாளராயிருப்பவர்கள், நோட்டீஸ் அனுப்புமுன் ஆலை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.