குடத்துத் தண்ணீரும் டம்ளரும்



சென்ற வருஷம் எங்கள் ப்ராஜெக்ட், உலை வெப்பநிலை அலாரம். 250 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். ரிவ்யூ அன்று உலை 300 டிகிரியில் தகிக்கிறது. எங்கள் திரையிலோ 44! மணி அடிக்கவே இல்லை. "உலை இவ்வளவு குளிர்ச்சியாப்பா?" என்றார் எக்ஸாமினர். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஒயரில் கோளாறில்லை, நான் எழுதிய ரஸ்ட் ப்ரோக்ராமில்தான் கோளாறு. ஐ32 வகையில் வந்த அளவை, 'ஒரு பைட் போதுமே' என்று 'ஆஸ்' போட்டு யு8 ஆக்கியிருந்தேன். யு8 வகையில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். மேலே இருக்கும் பிட்டுகளை 'ஆஸ்' சத்தமில்லாமல் வெட்டிவிடும். 300 - 256 = 44. அவ்வளவுதான் கதை!

சரியான வழி ட்ரெய்ட். 'இந்த வேலையை நான் செய்வேன்' என்று ஒரு வகை எழுதித் தரும் ஒப்பந்தமே ட்ரெய்ட். வகை மாற்றத்துக்கு முக்கியமானவை இரண்டு.

1. ஃப்ரம்: டம்ளர் தண்ணீரைக் குடத்தில் ஊற்றுவது போல. ஒரு சொட்டும் சிந்தாது. யு8-லிருந்து ஐ32 இப்படித்தான். தோற்காத மாற்றத்துக்கு மட்டுமே இதை எழுத வேண்டும். ஃப்ரம் எழுதினால் 'இன்டூ' தானாகவே கிடைத்துவிடும். தனியாக எழுத வேண்டாம்.

2. ட்ரைஃப்ரம்: குடத்துத் தண்ணீரை டம்ளரில் ஊற்றுவது. கொள்ளலாம், வழியலாம். அதனால் விடை நேராக வராது. 'ரிசல்ட்' என்ற உறைக்குள் வரும். பிரித்தால் 'ஓகே'யோடு மதிப்பு இருக்கும், அல்லது 'எர்ர்' இருக்கும். 300-ஐ யு8 ஆக்கச் சொன்னால் எர்ர்தான் வரும், 44 வராது. நாமே உருவாக்கும் வகைகளுக்கும் இவ்விரண்டையும் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை! உறையைப் பார்க்காமல் 'அன்ராப்' போட்டால், எர்ர் வந்ததும் ப்ரோக்ராம் பேனிக் ஆகி நின்றுவிடும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில், 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை. ஏடா மொழியில் எழுதிய அந்த ப்ரோக்ராம் பிழையைக் கண்டுபிடித்தது; ஆனால் பிழை வந்தால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் எழுதப்படவில்லை. கிளம்பிச் சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது.

இப்போது எங்கள் ப்ரோக்ராமில் எர்ர் வந்தாலே மணி அடிக்கும். அளவு கொள்ளவில்லை என்பதே ஆபத்தின் அடையாளம்தானே! அடுத்த முறை 'ஆஸ்' போடக் கை போனால், ஒரு நிமிஷம் டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள்.