கடையே பள்ளிக்கூடம் – ஜெர்மனியில் வணிகம் பழகும் முறை

கடைக்கு நல்ல ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு வராமல் நம் சங்கக் கூட்டம் எதுவும் முடிவதில்லை. வந்த பையன் ஆறு மாதம் நிற்பதில்லை என்பார் ஒருவர். நின்றவன் தொழிலைக் கற்றுக் கொண்டு எதிரிலேயே கடை போட்டு விட்டான் என்பார் இன்னொருவர். இந்த இரண்டு குறைகளுக்கும் ஜெர்மனி நாட்டு வணிகர்கள் கண்டிருக்கும் வழியை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அதற்கு முன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லி விடுகிறோம். எங்கள் மண்டியில் ஒருவர் 11 ஆண்டுகள் வேலை பார்த்தார். மிளகாய் வற்றலைக் கையில் அள்ளியதும் ஈரம் இருக்கிறதா என்று சொல்லி விடுவார். புளி, மல்லி, பருப்பு எல்லாவற்றிலும் தரம் பிரிக்கத் தெரியும். சிட்டை எழுதுவார், வெளியூர் வசூலுக்கும் போவார். குடும்ப நிலையால் நகரத்துக்குக் குடிபோனவர், ஒரு பெரிய கடையில் கொள்முதல் வேலை கேட்டார். சான்றிதழ் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். எங்கள் பில் தாளில் நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர்கள் ஏற்கவில்லை. புதிய ஆளுக்குரிய சம்பளத்தில் மூட்டை அடுக்கும் வேலைதான் கிடைத்தது. அவர் கற்ற தொழில் எங்கள் வாசலைத் தாண்டியதும் செல்லாமல் போயிற்று. குறை அவருடையதல்ல, எங்களுடையது.

இரட்டை முறை

ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கென்று 1969இல் தனிச் சட்டம் வந்தது. பயிற்சி இரண்டு இடங்களில் நடப்பதால் இதை இரட்டை முறை என்கிறார்கள். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் கடையில் வேலை. மீதி நாள் தொழிற்பள்ளியில் படிப்பு. சில இடங்களில் பள்ளி நாட்களைச் சேர்த்துச் சில வாரங்கள் தொடர்ந்து நடத்துவதும் உண்டு. இப்படிப் பழகக் கூடிய அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 320க்கும் மேல். தச்சு, மின்வேலை மட்டுமல்ல, கடை வியாபாரமும் அதில் ஒன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். விற்பனையாளர் பயிற்சிக்கு 2 ஆண்டு. சில்லறை வணிகர் பயிற்சிக்கு 3 ஆண்டு.

ஒப்பந்தமும் கடமையும்

பயிற்சி தொடங்குமுன் கடைக்காரரும் பயிற்சியாளரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்கிறார்கள். முதல் 1 முதல் 4 மாதம் வரை பரீட்சார்த்த காலம். அதற்குள் இருவரில் யார் வேண்டுமானாலும் விலகலாம். அதன் பின் தக்க காரணமின்றிக் கடைக்காரர் நிறுத்த முடியாது. பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. அது ஆண்டுதோறும் உயர வேண்டும். 2020 முதல் இதற்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு. அந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு முதல் ஆண்டில் மாதம் 515 யூரோ. 2025இல் சேர்ந்தவர்களுக்கு 682 யூரோ.

சட்டத்தில் இன்னொரு விதி நம்மைச் சற்றுச் சுடும். தொழில் பழகுவதற்கு உதவாத வேலையைப் பயிற்சியாளருக்குக் கொடுக்கக் கூடாது. டீ வாங்கி வரவும், வீட்டுக்குக் காய்கறி கொண்டு போகவும் நாம் எத்தனை பையன்களை அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

என்னென்ன கற்றுத் தர வேண்டும் என்பதும் நாடு முழுவதற்கும் ஒன்றே. சரக்கு வரவு பார்த்தல், இருப்பு வைத்தல், வாடிக்கையாளரிடம் பேசுதல், கல்லாக் கணக்கு என்று வரிசை உண்டு. அன்றன்று கற்றதைப் பயிற்சியாளர் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதலாளி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் குறிப்பேடு இல்லாமல் தேர்வுக்கு உட்கார முடியாது.

கற்றுத் தருபவருக்கும் தேர்வு உண்டு. நிறையக் கடைகள் முன்வரட்டும் என்று அந்தத் தேர்வை 2003இல் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். 2009இல் மறுபடியும் கொண்டு வந்து விட்டார்கள்.

வணிகர் சபையின் பொறுப்பு

இந்த முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும், கடை தகுதியானதா என்று பார்ப்பதும், தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவதும் அரசு அலுவலகம் அல்ல. தொழில் வணிக சபை. நாடு முழுவதும் இப்படி 79 சபைகள் உள்ளன. சட்டப்படி வணிகர்கள் அதில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க, பள்ளி ஆசிரியரும் அமர்கிறார். இவர்கள் இதைக் கௌரவப் பணியாகச் செய்கிறார்கள். பயிற்சியாளரிடம் தேர்வுக் கட்டணம் வாங்குவதில்லை. பள்ளிச் செலவு அரசுடையது. கடைப் பயிற்சிச் செலவு முதலாளியுடையது. எல்லாப் பிரிவும் கற்றுத் தர முடியாத சிறு கடைகள் வேறு கடைகளுடன் சேர்ந்தும் பயிற்சி தரலாம்.

கற்றவன் போய்விட்டால்?

போகத்தான் செய்வார்கள். ஆனால் அங்கே பல கடைகள் ஆள் பழக்குகின்றன. நம்மிடம் பழகியவர் அடுத்த கடைக்குப் போனால், அடுத்த கடையில் பழகியவர் நம்மிடம் வருவார். சபையின் சான்றிதழைப் பார்த்தாலே அவருக்கு என்ன தெரியும் என்பது தெரிந்து விடும். யாரும் பழக்காமல், பழகிய ஆளுக்கு மட்டும் காத்திருக்கும் ஊரில்தான் எல்லாருக்கும் ஆள் பஞ்சம்.

அங்கேயும் குறைகள் உண்டு. பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்தையே நாடுகிறார்கள். பல கடைகளில் பயிற்சி இடங்கள் நிரம்புவதில்லை. இடம் கிடைக்காத இளைஞர்களும் இருக்கிறார்கள்.

நமக்கு ஏற்றது எது?

தொழில் பழக்குவது நமக்குப் புதிதல்ல. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாகிப் பின் சொந்தக் கடையும் வைத்தார். அந்தப் படிவரிசையை நாம் விட்டு விட்டோம்.

நம் நாட்டிலும் 1961 முதல் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் சேர்க்கலாம். நம்மில் பல மொத்தக் கடைகள் இந்த இரண்டாவது வகையில் வரும். உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் திட்டமும் 2016இல் தொடங்கியது.

ஜெர்மனியைப் போல் நம் சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஆனாலும் மூன்று காரியங்களுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

1. வேலைக்குச் சேரும்போதே எத்தனை நாளில் என்ன கற்றுத் தருவோம் என்று எழுதிக் கொடுக்கலாம்.

2. கற்றதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி வாரம் ஒரு முறை கையெழுத்திடலாம்.

3. சங்கத்தில் மூத்த வணிகர் மூவர் அமர்ந்து, சரக்கு, அளவை, கணக்கு மூன்றிலும் சோதித்துச் சங்க முத்திரையுடன் சான்று தரலாம். உறுப்பினர் கடைகள் அதை மதித்துச் சம்பளம் நிர்ணயித்தால் போதும். அதற்கு மதிப்பு வந்து விடும்.

எங்கள் மண்டியில் இப்போது இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் குறிப்பேடு வாங்கிக் கொடுத்து விட்டோம். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது தராசு சோதிக்கும் முறை. மூன்றாவது காரியத்தை நாங்கள் தனியாகச் செய்ய முடியாது. அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைப் பற்றிப் பேசி ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.