புளிக்கு எந்தப் போசி?

ரசம் எந்தப் போசியில் வைத்தால் என்ன என்று நினைக்காதீர்கள். புளி, தக்காளி, மோர், எலுமிச்சை எல்லாவற்றிலும் அமிலம் இருக்கிறது. அமிலம் உலோகத்தை அரிக்கும் என்று அறிவியலில் படித்தோம் அல்லவா?

1. அலுமினியம்: சோறு வடிக்கலாம், தண்ணி காய வைக்கலாம். புளிக்குழம்பு வேண்டாம்.

2. பித்தளை, செம்பு: புளி பட்டால் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும். குமட்டல், வாந்தி வரும். ஈயம் பூசித்தான் சமைக்கணும். பூச்சு தேய்ந்தால் திரும்பப் பூசணும்.

3. ஈயச்சொம்பு: வெள்ளீயம் என்றால் ரசம் வைக்கலாம். காரீயம் கலந்தது விஷம், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். சந்தேகமாக இருந்தால் அந்தச் சொம்பே வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் வெறுஞ்சொம்பை அடுப்பில் வைக்காதீங்க.

4. இரும்பு வடைச்சட்டி: பொரியலுக்கு நல்லது. கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவுங்கள், துரு பிடிக்காது.

5. எவர்சில்வர்: இதில் குரோமியம் இருப்பதால் துரு பிடிக்காது. 1981-இல் உற்பத்தி தொடங்கிய நம்ம சேலம் உருக்காலையில் இந்த எஃகுத் தகடுதான் செய்கிறார்கள். புளிக்கு ஏற்றது. ஆனால் சீக்கிரம் அடிபிடிக்கும், தீயைக் குறைத்து வையுங்கள்.

6. மண்சட்டி: புளிக்குழம்புக்கு இதுவும் நல்லது. சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீங்க, சட்டி உறிஞ்சிக்கும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ரசம் எதில் கொதிக்கிறது என்று பாருங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி