வேலை போய்விடுமோ என்ற பயம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2025 ஜூலையில் ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கும் மேல், குறைக்கப்போவதாகச் சொன்னது. அதற்குப் பிறகு சென்னையில் சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் வேலை பார்க்கிற யாரோடு பேசினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடு சேர்ந்து சுற்றிவரும் சில நம்பிக்கைகள்தான் ஆளைக் கெடுக்கின்றன. சிலவற்றால் தூக்கம் போகிறது. சிலவற்றால் கைக்கு வரவேண்டிய பணமே போகிறது.

"நல்லா வேலை செய்யறவங்க மேல கை வைக்க மாட்டாங்க"

வைக்கிறார்கள். எந்த ப்ராஜெக்ட் முடிகிறது, எந்த வாடிக்கையாளர் செலவைக் குறைக்கிறார், எந்தச் சம்பளத் தட்டில் ஆள் அதிகம் என்றெல்லாம் பார்த்துத்தான் பெரும்பாலும் ஆட்குறைப்புப் பட்டியல் போடப்படுகிறது. டி.சி.எஸ். அறிவிப்பில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருந்தவர்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே ஒரு விதி வந்திருந்தது: ஆண்டுக்கு 225 நாளாவது பில்லிங்கில், அதாவது வாடிக்கையாளர் பணம் தரும் வேலையில், இருக்க வேண்டும், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது. பதினைந்து வருட அனுபவம் உள்ளவருக்கு, அவர் சம்பளத்துக்குத் தோதான ப்ராஜெக்ட் 35 நாளுக்குள் அமைவது அவர் கையிலா இருக்கிறது? இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலை போனவர்கள் பலர், எங்கே சறுக்கினோம் என்று மாதக்கணக்கில் தங்களையே குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

"ராத்திரி பகலா உட்கார்ந்தா தப்பிச்சிடலாம்"

மேலே சொன்ன பட்டியலில் ராத்திரி பதினொரு மணி மெயிலுக்கு இடமே இல்லை. உடம்பு மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

"முன்னாடியே கவலைப்பட்டுட்டா, நடக்கும்போது அதிர்ச்சி இருக்காது"

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. திரையில் ஒரு கல் தோன்றும், அதன் அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி லேசான மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்ற பாதிக்குப் பாதி நிலையில்தான் வியர்வையும் கண்மணி விரிவும் உச்சத்துக்குப் போயின. ஆறு மாதமாக "அடுத்த லிஸ்ட்டில் நானா?" என்று காத்திருப்பவர் வாழ்வது அந்தப் பாதிக்குப் பாதியில்தான்.

ஆகவே தெரியாததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்ததாக மாற்றுவதுதான் வழி. வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், மளிகை, அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று போட்டுப் பாருங்கள். விடை இரண்டு மாதம் என்று வந்தால்கூட, அது ஒரு எண். அதை வைத்து ஏதாவது செய்யலாம். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புது பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் குடும்பத்துக்குத் தனி பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

"நாமளே பேப்பர் போட்டுட்டா மரியாதையா போயிடலாம்"

இருப்பதிலேயே அதிக நஷ்டம் தரும் நம்பிக்கை இது. வழக்கமாக நடப்பது இப்படி. காலையில் ஹெச்.ஆரிடமிருந்து அரை மணி நேர மீட்டிங் அழைப்பு வரும். எதற்கு என்று இருக்காது. சின்ன அறை, மேஜையில் தண்ணீர் பாட்டில், எதிரே இரண்டு பேர். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும். இல்லேன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும், அடுத்த கம்பெனி செக் பண்ணும்போது தெரிஞ்சிடும். ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க." பலர் ஐந்தரைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

தானாக ராஜினாமா செய்தவரைச் சட்டம் ஆட்குறைப்புக்கு ஆளானவராகப் பார்ப்பதில்லை. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் சொன்னது இது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. பத்து வருடம் பார்த்தவருக்கு இழப்பீடு மட்டும் ஐந்து மாதச் சம்பளம். கையெழுத்துப் போட்டபின், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில்தான்.

ஐ.டி.க்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்பார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுச் சட்டப்படி நிவாரணம் கேட்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்பது சரிதான். ஆனால் பதவிப் பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பது மட்டும் போதாது. ஒருவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

அந்த அறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எழுத்துல கொடுங்க, யோசிச்சுச் சொல்றேன்." நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதங்கள் இவற்றின் நகல் இன்றைக்கே வீட்டில் இருக்கட்டும், லேப்டாப்பை வாங்கிக்கொண்டபின் ஒன்றும் எடுக்க முடியாது. அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றிரவே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். நல்ல தொகை பேசி வாங்கிக்கொண்டு ராஜினாமா செய்வது சிலருக்குச் சரியாகவும் இருக்கலாம். அந்தத் தொகை முதலில் காகிதத்தில் வரட்டும்.

"வீட்ல சொன்னா பயந்துடுவாங்க"

வீட்டில் ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கும். சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டே இருப்பவரைப் பார்த்தால் புரியாதா? செலவுத் தாளை மனைவியோடோ கணவரோடோ சேர்ந்து உட்கார்ந்து போட்டால் அதுவே சொன்ன மாதிரி. யாரிடமும் பேச வரவில்லை என்றால் எழுதுங்கள். அமெரிக்காவில் வேலையிழந்த பொறியாளர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. வேலை போனது பற்றிய தங்கள் எண்ணங்களைச் சில நாள் மனம்விட்டு எழுதியவர்களுக்கு, மற்றவர்களைவிடச் சீக்கிரம் மறுவேலை கிடைத்திருந்தது.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற நிலை வந்தால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த இலவச சேவை 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நடத்துவது அரசு, உங்கள் கம்பெனிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.